ஆலை மூடிய பின்னும் ஓடும் வண்டி

நம் குடியிருப்பின் மேற்குத் தெருவில், புங்க மரத்து நிழலில், வெளிர்நீல நிறமுள்ள சிறிய கார் ஒன்று நிற்பதை அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். காலையில் உலாவச் செல்லும் பெரியவர்கள் அதனருகே சற்று நின்று, "இது இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்பது வழக்கம். ஓடுகிறது. 1964ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டி அது. அதனைச் செய்த ஆலையில் கார் உற்பத்தி 1988ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. வண்டி மட்டும் ஞாயிறுதோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். தமிழ் மண்ணில் பிறந்து, நம்மைப் போலவே பெங்களூருக்குக் குடிவந்து, நம்மவர் கைத்திறத்தால் உயிர் வாழ்ந்துவரும் பொருள் அது. ஆதலின் அதன் வரலாற்றில் நம் வரலாறும் ஓரளவு கலந்திருக்கிறது. அவ்வரலாற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதுகிறோம். எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் மறையாது கூறுவோம்.

இடையூற்றில் பிறந்த எளிமை

ஹெரால்டின் கதை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியில் புதிய சிறு கார் ஒன்றை ஆக்க முனைந்தனர். அக்காலத்தில் கார்களின் அடிச்சட்டத்தையும் மேலுடலையும் ஒன்றாகப் பற்றவைத்து, ஒரே கூடாகச் செய்யும் முறை பரவியிருந்தது. அத்தகைய கூடு செய்வதற்குப் பேரியந்திரங்கள் வேண்டும். ஸ்டாண்டர்ட் நிறுவனத்திற்கு உடற்பகுதிகள் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தையோ, போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிக்கொண்டது. முழுக்கூட்டைச் செய்து தருவார் இல்லை.

வேறு வழியின்றிப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார். வலுவான தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, அதன்மேல் உடலைப் பல துண்டுகளாகப் பகுத்துப் போல்ட் கொண்டு முடுக்கும்படி செய்தார். துண்டுகள் சிறியனவாதலால் வெவ்வேறு பட்டறைகளில் அவற்றைச் செய்துகொள்ள முடிந்தது. வண்டியின் வடிவத்தை இத்தாலி நாட்டு டூரின் நகரக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். 1959ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹெரால்டு உலகிற்கு அறிமுகமாயிற்று.

செய்பவருக்கு நேர்ந்த இடையூறு வாங்குபவருக்கு நன்மையாய் முடிந்தது. ஹெரால்டின் முன்புறம் முழுவதும், விளக்குகளும் மட்கார்டுகளும் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்தவுடன் இன்ஜின், ஸ்டீயரிங், முன் ஸ்பிரிங் யாவும் கண்ணெதிரே வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். குழியும் வேண்டா, கூரையும் வேண்டா. கூரைப் பகுதியும் போல்ட்டினால் முடுக்கப்பட்டதே. அதனைக் கழற்றித் திறந்த வண்டியாக மாற்றிக்கொண்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. சுமார் 25 அடி விட்டத்திற்குள் வட்டமடிக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. குறுகிய சந்துகளில் திருப்புவதற்கு அதனினும் இசைவான கார் அந்நாளில் அரிது.

விளையாட்டுக் காரின் உடன்பிறப்பு

1962ஆம் ஆண்டில் அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார் ஒன்றை டிரையம்ப் நிறுவனத்தார் வெளியிட்டனர். ஸ்பிட்ஃபயர் என்பது அதன் பெயர். அதற்கும் வடிவம் தந்தவர் மிக்கெலோட்டியே. பிரான்ஸ் நாட்டு லெ மான்ஸ் ஊரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1965ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் தன் வகுப்பில் முதலிடம் பெற்றது. முன் சக்கரத் தாங்கிகளும் பின் அச்சின் அமைப்பும் ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இச்செய்தியை அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது எமக்குப் பெரிதும் உதவிற்று.

அந்நாளில் இந்தியர் ஒருவர் ஸ்பிட்ஃபயர் போன்றதொரு விளையாட்டுக் காரை வெளிநாட்டிலிருந்து வருவித்தல் எளிதன்று. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உள்நாட்டில் கிடைத்தவை பெரும்பாலும் மூன்றே: கல்கத்தாவுக்கு அருகில் செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட். ஆகவே வேகத்தில் நாட்டமுள்ள இளைஞர்கள் இம்மூன்றில் ஒன்றை எடுத்துத் தம் கையாலேயே மாற்றியமைத்துக்கொண்டனர். தேவையற்ற எடையைக் கழற்றுவர். சிலிண்டர் மூடியைச் சிறிது இழைத்து அழுத்தத்தை உயர்த்துவர். புகைக்குழாயைத் தாமே வளைத்துச் செய்வர்.

இம்முயற்சிகளுக்குக் களமாய் விளங்கியது சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அத்தளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தினர். பெங்களூரிலிருந்தும் ஆர்வலர் பலர் இரவோடிரவாகப் புறப்பட்டுச் செல்வர். பந்தயக் காரைத் தாமே ஆக்கும் அம்மரபு பிற்காலத்தில் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தனிடத்தில் மலர்ந்தது. சாதாரண மாருதிக் காரின் இன்ஜினைக் கொண்டு இளைஞர்க்கேற்ற பந்தய வண்டியை அவர் ஆக்கினார். 1995இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் கோவைக்கு அருகே அமைந்த பந்தயத் தடம் இன்றும் இருக்கிறது.

நிற்க. ஹெரால்டு பந்தயத்திற்கு மட்டும் உரியதன்று. குடும்பத்தோடு ஊருக்குச் செல்லவும், ஞாயிறன்று பிரித்துப் பார்க்கவும் ஏற்ற வண்டி அது. இவ்விரண்டாம் பயனே நம் குடியிருப்பில் வேரூன்றியது.

வண்டலூர்

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் 1948இல் சென்னையில் தோன்றியது. முதலில் வான்கார்டு என்னும் பெரிய காரையும், பின்னர் ஸ்டாண்டர்ட் எட்டு, பத்து என்னும் சிறு கார்களையும் வண்டலூர் ஆலையில் அந்நிறுவனத்தார் பூட்டி விற்றனர். 1961 முதல் ஹெரால்டு வெளிவந்தது. 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின் அதில் இருந்தது. தொடக்கத்தில் பகுதிகள் பலவும் கப்பலில் வந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை உள்நாட்டிலேயே ஆக்கப்பட்டன. 1960களின் இறுதியில் நான்கு கதவுகளுள்ள ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் இல்லாத உருவம் அது. நம் குடும்பங்களின் தேவையறிந்து இங்கேயே அமைத்தது.

1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழித்தோன்றலாகக் கெசல் என்னும் கார் வந்தது. அதில் ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்குவன. அவற்றைக் குறுக்கே படுத்த ஒரே பிளேட் ஸ்பிரிங் தாங்கும். விரைவாக வளைவில் திரும்பினால் சக்கரம் உள்நோக்கி மடியும் இயல்பு அதற்குண்டு. நம் நாட்டு மெக்கானிக்குகளும் வண்டி உடையாரும் அவ்வமைப்பை விரும்பவில்லை. ஆதலால் கெசலில் பழகிய முறையிலான ஒரே நேரச்சு வைக்கப்பட்டது. தெருவோரத்துப் பழுதுபார்ப்பவனின் சொல்லுக்குச் செவிசாய்த்து ஆலை தன் வரைபடத்தைத் திருத்தியது என்றால், அவனுடைய தகுதியை நாம் குறைவாக எண்ணலாகாது.

1977இல் கெசல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்னும் பெரிய கார் வெளிவந்தது. உடல் புதிது, ரோவர் காரின் அழகிய வடிவம். இன்ஜினோ பழைய வான்கார்டின் வழிவந்தது. விலை மிகுதி, எண்ணெய்ச் செலவும் மிகுதி. சிறிய மாருதிக் கார் நாடெங்கும் பரவிய காலம் வேறு. 1988இல் உற்பத்தி நின்றது. நெடுங்காலம் வழக்குகளிலும் நிலுவைகளிலும் கிடந்த ஆலையின் சொத்துக்கள் 2006ஆம் ஆண்டில் ஏலத்திற்கு வந்தன. அங்கே தேங்கிக் கிடந்த ரோவர் வடிவ உதிரிப்பாகங்களை இங்கிலாந்திலுள்ள பழைய கார் வணிகர்கள் வாங்கிக் கப்பலேற்றினர். நம்மவர் வார்த்தும் அழுத்தியும் செய்த பொருள்களின் அருமையைக் கடல் கடந்தவர் அறிந்திருந்தனர்.

பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமான ஆலை 1940இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், கைக்கடிகாரத்தால் புகழ்பெற்ற எச்.எம்.டி. 1953இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் தோன்றின. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பிட்டர்களாகவும் டர்னர்களாகவும் கருவியறைத் தொழிலாளர்களாகவும் நம் தந்தையர் தலைமுறையினர் இங்கு வந்தனர். கன்னட நண்பரும் மலையாள நண்பரும் அருகருகே நின்று ஒரே லேத்தில் தொழில் பயின்றனர். ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்தை விரல் நுனியால் உணரும் பயிற்சி அவர்களுக்கு வாய்த்தது. அத்தகையோர் கைக்கு ஒரு பழைய ஹெரால்டு வந்துசேர்ந்தால் என்ன நிகழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

எம் தந்தையார் 1974இல் இவ்வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். அன்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கே உரியதாயிற்று. முதலில் வால்வு இடைவெளி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் பத்துப் பங்கு இடைவெளி இருத்தல் வேண்டும். எந்த வால்வை எப்பொழுது அளப்பது என்பதற்கு ஒன்பதின் கணக்கு என்று ஒன்றுண்டு. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. நான்காவது திறந்திருக்கையில் ஐந்தாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்பொழுதும் ஒன்பதே வரும். யாம் கூட்டல் பயின்றது பள்ளியில் பாதி, இவ்வண்டியின் முன் பாதி.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டைச் சுத்தம் செய்து ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி வைத்தல். பிறகு கார்புரேட்டர். சென்னை கடல் மட்டத்து ஊர்; பெங்களூரோ ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. இங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கு வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊற்றும். பிளக் கரிபிடித்துக் கறுக்கும். ஊருக்குப் புறப்படும்போதும் திரும்பும்போதும் எம் தந்தையார் ஒரு சிறு திருகாணியை இப்படியும் அப்படியும் கால் சுற்றுத் திருகுவதைக் கண்டிருக்கிறோம். அதன் பொருள் பல்லாண்டுகள் கழித்தே எமக்கு விளங்கியது.

எம் அன்னையார் கார் ஓட்டக் கற்றதில்லை. ஆயினும் ஒரு வேலைக்கு அவர் இன்றியமையாதவர். இவ்வகை இன்ஜினில் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராதபடி தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் உண்டு. அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் தண்டே இன்ஜினின் உடலை அராவிவிடும். பின்னர்ச் சீர்செய்வது அரிது. தேய்மானத்தை அறியும் வழி எளிது. ஒருவர் உள்ளே அமர்ந்து கிளச்சை மிதிக்க வேண்டும். மற்றவர் முன்னே நின்று இன்ஜினின் புல்லி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை அன்னையார் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கிளச்சை மிதிப்பார். "அசையவில்லை" என்று தந்தையார் சொன்ன பின்னரே காப்பி கலக்கப் போவார்.

உதிரிப்பாகம் வேண்டுமெனில் ஜே.சி. சாலைக் கடைகள், அங்கே இல்லையெனில் சிவாஜிநகரத்துக் குஜ்ரி. உடைத்த வண்டிகளின் குவியலில் தமிழும் கன்னடமும் தக்கணி உருதுவும் கலந்து பேரம் நடக்கும். அங்கும் கிடைக்காதவற்றை ஆலையில் பணிபுரியும் நண்பர் எவரேனும் ஓய்வு நேரத்தில், வெளியிலுள்ள பட்டறை லேத்தில், கடைந்து தருவார். கூலி கேட்டால் முகம் சுளிப்பார். அவருடைய ஸ்கூட்டரின் கிளச் ஒயரை மாற்றிக் கொடுப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

1988இல் வண்டலூர்ச் செய்தி வந்தபோது எம் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அடுத்த விடுமுறையில் சென்னைக்குச் சென்று, புதுப்பேட்டைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, இரண்டு கோணிப்பை நிறைய ஹெரால்டு உறுப்புகளோடு இரவு ரயிலில் திரும்பினார். பஞ்ச காலத்தில் நெல் சேர்ப்பாரைப் போல் அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் அடுக்கினார்.

எழுதிவைத்தவரின் அருமை

தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் கலையை உலகெங்கும் பரப்பியவருள் முதன்மையானவர் ஜான் ஹேய்ன்ஸ். அவர் 1938இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை அங்கே தேயிலைத் தோட்ட நிர்வாகி. பின்னர் இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவராய் இருந்தபோதே பழைய ஆஸ்டின் காரைப் பிரித்து விளையாட்டுக் காராக மாற்றினார். மாற்றிய முறையைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். விமானப் படையில் பணியாற்றிய காலத்தில் ஏடனில் நண்பர் ஒருவர் பழைய ஸ்பிரைட் விளையாட்டுக் காரை வாங்கினார். அதனைப் பழுதுபார்க்க நிறுவனத்தின் கையேடு துணைசெய்யவில்லை. தேர்ந்த தொழிலாளிக்காக, தேர்ந்த கருவிகளை எண்ணி எழுதிய நூல் அது. ஹேய்ன்ஸும் நண்பரும் வண்டியை முற்றிலும் பிரித்து, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, மீண்டும் பூட்டினர். 1966இல் வெளிவந்த முதல் ஹேய்ன்ஸ் கையேடு இம்முயற்சியின் பயன்.

அவர் கண்ட முறை எளியது: தாம் கையால் செய்து பார்த்ததையே எழுதினார். ஹெரால்டுக்கும் அவ்வரிசையில் நூல் உண்டு. அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த படியொன்று எமக்குக் கிடைத்தது. பக்கங்களில் எண்ணெய்க் கைரேகைகள் இருந்தன. எமக்கு முன் எவரோ ஒருவர் அதனைப் படித்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார்.

யாம் செய்த பிழை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எம் தந்தையார் 2003இல் காலமானார். வண்டி எட்டாண்டுகள் அசையாமல் நின்றது. பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்வதாக ஒருவர் வந்து விலை பேசி முன்பணமும் நீட்டினார். எம் அன்னையார் வாசலில் நின்று, "கிளச்சை மிதிக்க இன்னும் எனக்குக் காலில் வலுவிருக்கிறது" என்றார். வந்தவர் போய்விட்டார். யாம் ஸ்பேனரை எடுத்தோம்.

ஓராண்டு உழைப்பில் இன்ஜின் உயிர்பெற்றது. பிரேக்கின் ரப்பர்களை மாற்றினோம். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டிப் புதிது பற்றவைத்தோம். பெருமிதத்தோடு முன் சக்கரங்களின் கீழ்த் தாங்கிகளில் கிரீஸ் துப்பாக்கியால் நிறையக் கிரீஸ் அடைத்தோம். அசையும் உறுப்புக்குக் கிரீஸ் நல்லது என்பது எம் எண்ணம்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகு மரை உண்டு. அது டிரன்னியன் என்னும் பித்தளைக் கட்டியினுள் இறங்கி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்புந்தோறும் மரை அக்கட்டிக்குள் சுழலும். அவ்விடத்திற்கு வேண்டுவது தடித்த கியர் ஆயில். எண்ணெய் மரையின் இடுக்கெல்லாம் நழுவி அடிவரை செல்லும். கிரீஸோ மேலேயே தங்கி, நாளடைவில் இறுகி, எண்ணெய் செல்லும் வழியையும் அடைத்துவிடும். கீழே நீர் புகும், எஃகு துருவேறும், ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் தண்டு முறியும்.

2012ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஓசூர்ச் சாலையிலிருந்து பக்கத் தெருவொன்றில் திரும்பும்போது அது முறிந்தது. இடப்பக்கச் சக்கரம் மடிந்து உள்ளே சாய, வண்டி மண்டியிட்ட மாடுபோல் தரையில் உரசி நின்றது. எட்டு வயது மகள் பின்னிருக்கையில் இருந்தாள். நடந்து செல்வோரின் வேகத்திலேயே திரும்பியதால் எவருக்கும் காயமில்லை. அதற்குச் சற்று முன்னர்த்தான் நெடுஞ்சாலையில் பேருந்துகளுக்கிடையே விரைந்து வந்திருந்தோம். அங்கே முறிந்திருந்தால்? அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பரணிலிருந்த கோணிப்பைகளைப் பிரித்தோம். அவற்றின் அடியில் எம் தந்தையாரின் நோட்டுப் புத்தகம் கிடந்தது. 1974 முதல் செய்த வேலைகள் ஒவ்வொன்றும் தேதியிட்டுத் தமிழில் எழுதப்பட்டிருந்தன. மூன்றாம் பக்கத்தில், சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டு, டிரன்னியனில் கிரீஸ் கூடாது, தொண்ணூறாம் எண் கியர் ஆயில் மட்டுமே, என்று எழுதியிருந்தார். அந்நோட்டு எட்டாண்டுகளுக்கு மேலாக எம் தலைக்கு மேலேயே இருந்தது. எடுத்துப் படிக்கும் எண்ணம் எமக்குத் தோன்றவில்லை.

முறிந்த தண்டுக்கு மாற்றுச் சிவாஜிநகரில் உடைத்த ஹெரால்டு ஒன்றிலிருந்து கிடைத்தது. பித்தளைக் கட்டி இங்கே கிடைக்கவில்லை. ஸ்பிட்ஃபயர் கார்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் அது புதிதாகச் செய்யப்படுகிறது. அங்கே ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு முதலிய வண்டி உடையார்க்கென 1977இல் தோன்றிய சங்கம் ஒன்று இருக்கிறது. பழகியவர்கள் தம் அனுபவத்தைத் திங்கள்தோறும் எழுதிப் பகிர்ந்துகொள்கின்றனர். தேவை குன்றாமையால் உதிரிப்பாகம் செய்வாரும் குன்றவில்லை. தபாலில் வந்த கட்டி, வண்டலூர் வண்டியில் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அதற்குரிய புஷ்களை நம் குடியிருப்பில் ஓய்வுபெற்று வாழும் கருவியறைப் பெரியவர் ஒருவர் பீனியாவிலுள்ள பட்டறையில் தம் கையாலேயே கடைந்து தந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. கூலி கேட்டோம், முகம் சுளித்தார்.

இன்றைய நிலை

பழைய வண்டியைப் பேணுவார்க்கு இன்று புதிய இடர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்கள் உடல்நலத்திற்கு அது மிக நல்லது. ஆனால் பழைய இன்ஜின்களில் வால்வு அமரும் இடத்தை ஈயம் காத்துவந்தது. இப்போது அவ்விடம் விரைவில் தேய்ந்து இடைவெளி குறைகிறது. ஆதலின் வால்வை அடிக்கடி அளக்க வேண்டும். சிலிண்டர் மூடியை இறக்கும்போது கடினமான வளையங்களைப் பதிப்பது நன்று. அண்மை ஆண்டுகளில் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அதனால் ஊறி வெடிக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுதல் இன்றியமையாதது. சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவது யாதென்று விளக்க வேண்டியதில்லை.

சட்டம் ஒருவகையில் துணைநிற்கிறது. 2021இல் நடுவணரசு வகுத்த விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்னும் தனி வகையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்திற்குப் பயன்படுத்தலாகாது; கண்காட்சிக்கும் பேரணிக்கும் அவை போன்றவற்றிற்குமே எடுத்துச் செல்லலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு சென்றுவர விரும்புவோர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே தக்கது. யாம் அவ்வாறே செய்துவருகிறோம்.

வேண்டுகோள்

அரசு பதிவு தரலாம். அயல்நாடு உதிரிப்பாகம் தரலாம். எந்த இடத்தில் கிரீஸ் கூடாது, எந்தத் திருகாணியைப் பெங்களூரில் கால் சுற்றுத் திருக வேண்டும் என்பது நம் பெரியவர்களின் விரல்களில் இருக்கிறது. வண்டலூர் ஆலை மூடியபோது அவ்வறிவு மறையவில்லை. வீடுகளின் முற்றங்களில் அது வாழ்ந்தது. எழுதிவைக்காமலும், எழுதியதைப் படிக்காமலும் நாம் இருந்தால் நம் கண்முன்னே அது மறையும். யாம் அறிந்தே சொல்கிறோம். புஷ் கடைந்து தந்த பெரியவர் சென்ற ஆண்டு மறைந்தார். அவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் பல இருந்தன.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இத்தகைய நோட்டுப் புத்தகம் இருக்கக்கூடும். கார் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் இயந்திரம், வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம், தண்ணீர்ப் பம்பு எதுவாயினும் ஆகுக. அவற்றைச் சங்கத்து நூலகத்தில் காட்டினால் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தர யாம் அணியமாயிருக்கிறோம். எழுதும் பழக்கமில்லாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளவும் இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர்.

எம் தந்தையாரின் நோட்டில் பென்சிலால் எழுதிய பக்கங்கள் மங்கிவருகின்றன. எம் மகள் அவற்றை ஞாயிறுதோறும் மையால் படியெடுத்து வருகிறாள். 1991ஆம் ஆண்டு வரை எழுதி முடித்திருக்கிறாள். ஒன்பதின் கணக்கும் அவளுக்கு வந்துவிட்டது. கிளச் மிதிக்கும் பொறுப்பை மட்டும் அவளுடைய பாட்டியார் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.